50 நிமிட மேடை: ஒரே மாநாட்டில் இரண்டு அமர்வுகள்

ஓர் அறிவியல் புனைகதை ரசிகர் மாநாட்டில் அடுத்தடுத்த நாள்களில் இரண்டு குழு உரையாடல்களுக்கு நான் நெறியாளராக இருந்தேன். சனிக்கிழமை மாலை நடந்தது சரியாக வரவில்லை. ஞாயிறு காலை நடந்தது நன்றாக வந்தது. அறை அதே அறை, மேசை அதே மேசை, பேசியவர்களில் இருவரும் அதே இருவர். அதனால் எது மாறியது என்று பிரித்துப் பார்க்க முடிந்தது. எல்லோரிடமும் அனுமதி வாங்கி இரண்டு அமர்வுகளையும் செல்பேசியில் பதிவு செய்திருந்தேன். வீடு திரும்பியதும் கடிகாரத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இரண்டையும் முழுக்கக் கேட்டேன். இங்கே வரும் நிமிடக் கணக்கெல்லாம் அந்தப் பதிவிலிருந்து எடுத்தவை.

அந்த அறையில் உட்கார்ந்திருப்பவர்கள் யார்

இதை முதலில் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் சனிக்கிழமை நான் மறந்தது இதைத்தான்.

ரசிகர் மாநாடு என்பது ரசிகர்களே கூடி நடத்துவது. உலக அறிவியல் புனைகதை மாநாடு முதன்முதலில் 1939 ஜூலையில் நியூயார்க்கில் கூடியபோது வந்தவர்கள் ஏறத்தாழ 200 பேர். போர்க்காலத்தில் 1942 முதல் 1945 வரை நடக்கவில்லை. மற்றபடி ஆண்டுதோறும் ஊர் ஊராக நடந்துகொண்டே வருகிறது, இன்றுவரை தன்னார்வலர்கள் கையில்தான் இருக்கிறது. பணம் கட்டி வருகிறவர் அங்கே 'உறுப்பினர்'. அது வெறும் மரியாதைச் சொல் கிடையாது. அறிவியல் புனைகதைக்காக 1953இல் தொடங்கிய ஹியூகோ விருதுகளுக்கு வாக்களிப்பவர்கள் அந்த உறுப்பினர்களே. நான் போனது அவ்வளவு பெரிய மாநாடு இல்லை. ஆனால் வழக்கம் அதே வழக்கம். நடத்துகிறவர், மேடையில் பேசுகிறவர், கீழே உட்கார்ந்து கேட்கிறவர் எல்லோரும் ஒரே கூட்டம். காலையில் மேடையில் பேசியவர் மதியம் கடைசி வரிசையில் உட்கார்ந்து குறிப்பெடுப்பார். மேசைக்குப் பின்னால் இருப்பவருக்குத் தெரிந்ததைவிட அதிகம் தெரிந்தவர் மூன்றாம் வரிசையில் இருக்கலாம், பல நேரம் இருப்பார்.

இந்த மாநாடுகளின் உயிர் குழு உரையாடல்தான். ஒரு தலைப்பு, நான்கைந்து பேர், ஒரு நெறியாளர். ஒரு மணி நேரத்தில் 50 நிமிடம் பேச்சுக்கு, மீதி 10 நிமிடம் அடுத்த கூட்டம் அறைக்குள் வர.

சனிக்கிழமை, மாலை 4 மணி

தலைப்பு: ஒளியின் வேகத்தைத் தாண்டாமல் விண்மீன்களுக்குப் போகும் கதைகள். மேசையில் என்னைச் சேர்த்து ஐந்து பேர். தலைமுறைக் கப்பல், அதாவது போய்ச் சேரப் பல தலைமுறைகள் ஆகும் விண்கலம் பற்றி இரண்டு நாவல்கள் எழுதிய ஒருவர். வானியல் விரிவுரையாளர் ஒருவர். சிறுகதைத் தொகுப்புகளுக்குப் பதிப்பாசிரியராக இருப்பவர் ஒருவர். நான்காமவர் ஒரு வாசகி. எதுவும் எழுதி வெளியிட்டதில்லை, முப்பது ஆண்டுகளாக வாசிக்கிறார், ஒரு வாசிப்பு வட்டம் நடத்துகிறார். ஐந்து பேருக்கு இரண்டு மைக். கீழே சுமார் 60 பேர்.

பத்து நாள் முன்னதாகவே எல்லோருக்கும் மின்னஞ்சல் அனுப்பியிருந்தேன். அதில் 12 கேள்விகள். நான்கு பேரும் 'சரி, நன்றாக இருக்கிறது' என்று பதில் போட்டார்கள். ஆயத்தம் முடிந்தது என்று நினைத்துக்கொண்டேன்.

மேடையில் முதலில், "ஒவ்வொருத்தரும் உங்களைப் பத்திக் கொஞ்சம் சொல்லுங்க" என்றேன். நாவலாசிரியர் தன் இரண்டு புத்தகங்களையும் மேசைமேல் நிறுத்திவைத்து நாலரை நிமிடம் பேசினார். விரிவுரையாளர் தன் ஆய்வைப் பற்றி ஐந்து நிமிடம். பதிப்பாசிரியர் மூன்று நிமிடம். வாசகி, "நான் வாசிக்கிறவ, அவ்வளவுதான்" என்று அரை நிமிடத்தில் மைக்கைத் தள்ளிவிட்டார். ஆக, தலைப்பைத் தொடும் முன்பே 13 நிமிடம் போய்விட்டது.

பிறகு முதல் கேள்வி. மேசையின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை வரிசையாக எல்லோரிடமும் கேட்டேன். விரிவுரையாளர் ராக்கெட் சமன்பாட்டை எடுத்தார். ராக்கெட்டிலிருந்து வாயு வெளியேறும் வேகத்தைப்போல இரண்டு மடங்கு வேகம் வேண்டுமானால், கிளம்பும்போது இருக்கும் நிறை எரிபொருள் தீர்ந்தபின் மிஞ்சும் நிறையைப்போல ஏழு மடங்குக்கு மேல் இருக்க வேண்டும். மூன்று மடங்கு வேகம் என்றால் இருபது மடங்கு. அதனால்தான் கதைகளில் கப்பல் மெதுவாகப் போகிறது, மெதுவாகப் போவதால்தான் தலைமுறைகள் கழிகின்றன. அருமையான விஷயம். ஆனால் அந்தக் கடைசி வாக்கியத்துக்கு வந்து சேர அவருக்கு ஆறு நிமிடம் ஆனது. அந்த வாக்கியத்தைக் கையில் வாங்கி அடுத்தவரிடம் கொடுத்திருக்க வேண்டிய நான், தாளைப் பார்த்து இரண்டாவது கேள்விக்குப் போனேன்.

பதிவைக் கேட்டபோது என்னை மிகவும் வருத்தியது வேறு ஒன்று. 21ஆம் நிமிடத்தில் தூரத்திலிருந்து மெல்லிய குரலில், "அது வந்து..." என்று கேட்கிறது. உடனே இன்னொருவர் குரல் அதன்மேல் ஏறிவிடுகிறது. 26ஆம் நிமிடத்தில் மறுபடி, "இல்ல, அது வந்து..." 31இல் ஒரு தடவை. மூன்றும் வாசகியின் குரல். மைக் அவருக்கு எட்டாத இடத்தில் இருந்தது. அவருக்கு மிக அருகில் உட்கார்ந்திருந்தவன் நான். என் கண் தாளில் இருந்திருக்கிறது.

கேள்வி நேரத்துக்கு எட்டு நிமிடம் மிஞ்சியது. முதலில் கை தூக்கியவர், "இது கேள்வி இல்லை, ஒரு கருத்து" என்று தொடங்கி நான்கு நிமிடம் பேசினார். நான் நிறுத்தவில்லை. அடுத்தவர் முன்வரிசையிலிருந்து மைக் இல்லாமல் கேட்டார், நாவலாசிரியர் உடனே பதில் சொல்லத் தொடங்கினார். பின்னாலிருந்து ஒரு பெண், "என்ன கேள்வின்னே கேக்கலை" என்றார். அவருக்கு யாரும் பதில் சொல்லவில்லை. அமர்வு அத்தோடு முடிந்தது.

கைதட்டினார்கள். கைதட்டலை வைத்து எதையும் முடிவு செய்யக் கூடாது, ரசிகர் மாநாட்டில் எல்லாவற்றுக்கும் கைதட்டுவார்கள்.

நடைபாதை

அறையைக் காலி செய்துவிட்டு வெளியே வந்ததும் வாசகியிடம், "ஏதோ சொல்ல வந்தீங்களே?" என்று கேட்டேன். கேட்டது நல்லதாகப் போயிற்று.

அவர் சொன்னது இது. தலைமுறைக் கப்பல் கதைகளில் கிளம்புகிறவர்களைப் பற்றி எழுதுகிறார்கள், போய்ச் சேருகிறவர்களைப் பற்றி எழுதுகிறார்கள். நடுவில் பிறந்து நடுவிலேயே சாகிறவர்கள்தான் எண்ணிக்கையில் அதிகம். பயணத்தைத் தேர்ந்தெடுத்தவர்களும் அவர்கள் இல்லை, பலனைப் பார்க்கப்போகிறவர்களும் இல்லை. கப்பலில் கலகம் வெடித்தால்தான் கதை அவர்கள் பக்கம் திரும்புகிறது. கலகம் எதுவும் நடக்காமல் அறுபது ஆண்டு வாழ்ந்து முடித்த ஒருத்தியைப் பற்றி ஏன் யாரும் எழுதவில்லை?

பக்கத்தில் நின்ற நாவலாசிரியர் முகம் மாறியது. "இதை ஏன் உள்ளே சொல்லலை? நான் இதை ஒத்துக்க மாட்டேனே!" என்றார். தன் இரண்டாவது நாவலில் அப்படி ஒரு பாத்திரத்தை எழுதியதாகவும், கடைசித் திருத்தத்தில் வெட்டிவிட்டதாகவும், ஏன் வெட்டினார் என்றும் சொன்னார். வாசகி விடவில்லை. அவர் வெட்டியதே தன் வாதத்துக்குச் சாட்சி என்றார். விரிவுரையாளர் நடுவில் புகுந்தார். வாயேஜர் 1 விண்கலம் போகும் வேகம் நொடிக்கு 17 கிலோமீட்டர். அந்த வேகத்தில் மிக அருகில் இருக்கும் விண்மீனான பிராக்சிமா சென்டாரியின் தூரத்தை, அதாவது 4.24 ஒளியாண்டைக் கடக்க ஏறத்தாழ 75,000 ஆண்டுகள் ஆகும். அப்படியானால் நடுவில் எத்தனை தலைமுறை என்று எண்ணிப் பாருங்கள் என்றார். ஒரே மூச்சில், அரை நிமிடத்தில் சொன்னார். அதே மனிதர்தான்.

நின்றபடியே 40 நிமிடம் பேசினார்கள். சுற்றி எட்டுப் பேர் நின்று கேட்டார்கள். அறைக்குள் 60 பேர் கேட்டிருக்க வேண்டிய பேச்சு அது.

எங்கே பிசகியது

பேசியவர்களில் யாரையும் குறை சொல்ல எனக்கு மனமில்லை. நடைபாதையில் அவ்வளவு நன்றாகப் பேசிய அதே நால்வர் மேசைக்குப் பின்னால் அப்படிப் பேசவில்லை என்றால், அந்த மேசையை நான் ஏற்பாடு செய்த விதத்தில்தான் ஏதோ இருக்கிறது.

முதலில் கணக்கு. 12 கேள்விகள், நான்கு பேர், ஆளுக்கு இரண்டு நிமிடம் என்று வைத்தாலும் 96 நிமிடம் வருகிறது. கையில் இருந்தது 50. இந்தப் பெருக்கலைப் பத்து நாள் முன்பே நான் போட்டிருக்கலாம். 12 கேள்விகள் எழுதியதற்குக் காரணம், நடுவில் மௌனம் வந்துவிடுமோ என்ற பயம். உண்மையில் அறிவியல் புனைகதை வாசிக்கும் நான்கு பேரை ஒரு மேசையில் உட்காரவைத்தால் மௌனம் வராது. வந்தாலும் ஐந்து நொடிதான். அந்த ஐந்து நொடியில்தான் வாசகி போன்ற ஒருவர் வாய் திறப்பார்.

அடுத்தது, ஒரே கேள்வியை எல்லோரிடமும் வரிசையாகக் கேட்பது. நியாயமாக இருப்பதுபோலத் தோன்றும், ஆனால் நான்காவது ஆளுக்குச் சொல்ல எதுவும் மிஞ்சாது. "அவர் சொன்னதேதான்" என்று தொடங்குவார். அதற்குள் முதல் ஆள் அடுத்த முறைக்கான பதிலை மனத்தில் கோர்க்கத் தொடங்கியிருப்பார். யாரும் யாரையும் கேட்கவில்லை. பதிவில் சனிக்கிழமை அமர்வு முழுவதிலும், ஒருவர் சொன்னதை இன்னொருவர் நேரடியாக எடுத்துப் பேசிய இடங்களைக் குறித்தேன். மூன்றே மூன்று இடம்.

அறிமுகத்தைப் பொறுத்தவரை, நிகழ்ச்சி நூலில் எல்லோரின் குறிப்பும் அச்சாகியிருந்தது. அப்படியிருந்தும் ஒருவரைத் தன்னைப் பற்றிச் சொல்லச் சொன்னால், இங்கே உட்காரத் தனக்குத் தகுதி இருக்கிறது என்று அவர் நிரூபிக்கப் பார்ப்பார். அது மனித இயல்பு. எழுதியவர் புத்தகத்தைக் காட்டுவார், படித்தவர் பட்டத்தைச் சொல்வார். இரண்டும் இல்லாதவர் சுருங்கிப்போவார். வாசகியை நான் அந்த அறிமுகத்திலேயே சுருக்கிவிட்டேன் என்று இப்போது தோன்றுகிறது. அதன் பிறகு அவர் மூன்று தடவை முயன்றதே பெரிது.

மைக்கைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். "எனக்கு மைக் வேண்டாம், என் குரல் பெருசு" என்று சொல்லும் நல்ல மனிதர்களை ஒவ்வொரு மாநாட்டிலும் பார்க்கிறேன். பதிப்பாசிரியரும் அன்று அதைச் சொன்னார், நானும் தலையாட்டினேன். காது மந்தமானவர்களுக்காக அந்த அறையில் ஒலிவளையம் போட்டிருந்தார்கள். காதுக் கருவி அணிந்தவருக்கு அந்த வளையம் வழியாகப் போய்ச் சேருவது மைக்குக்குள் போகும் ஒலி மட்டும்தான். எவ்வளவு பெரிய குரலாக இருந்தாலும் மைக்கில் பேசாவிட்டால் வளையத்தைப் பொறுத்தவரை அது மௌனம். "கேட்கிறதா?" என்று கேட்டால், கேட்காதவருக்கு அந்தக் கேள்வியே கேட்டிருக்காது. 60 பேர் நடுவில் எழுந்து நின்று "எனக்குக் கேட்கவில்லை" என்று சொல்வதும் எளிதில்லை. அன்று ஒரு பெண் அதைச் சொன்னார். ஒருவர் வாய்விட்டுச் சொன்னால், சொல்லாமல் உட்கார்ந்திருந்தவர்கள் எத்தனை பேர் என்று நினைத்துப் பார்க்க வேண்டும். பார்வையாளர் கேள்வியை நெறியாளர் மைக்கில் திருப்பிச் சொல்ல பத்து நொடி போதும். அந்தப் பத்து நொடியில், நீண்ட கருத்து ஒன்றைக் கேள்வியாகச் சுருக்கிக்கொடுக்கவும் முடிகிறது என்பதை மறுநாள் கண்டேன்.

ஞாயிறு, காலை 11 மணி

இரண்டாவது அமர்வின் தலைப்பு: செய்தி போய்ச் சேரத் தாமதமாகும் உலகங்கள். விரிவுரையாளரும் வாசகியும் இதிலும் இருந்தார்கள். புதிதாக ஒரு மொழிபெயர்ப்பாளர், ஒலி நாடகங்கள் எழுதும் ஒருவர்.

முந்தின இரவு சரியாகத் தூங்கவில்லை. காலையில் எல்லோரையும் 20 நிமிடம் முன்னதாகப் பங்கேற்பாளர் அறைக்கு வரச் சொன்னேன். கேள்வித் தாளை எடுக்கவில்லை. தேநீர்க் கோப்பைகளோடு உட்கார்ந்து ஒவ்வொருவரிடமும் ஒன்றே ஒன்று கேட்டேன்: "இந்தத் தலைப்புல எல்லாரும் சொல்றாங்க, ஆனா உங்களுக்கு ஒப்புதல் இல்லாதது எது?" ஒலி நாடகக்காரர், தாமதம் கதையின் பதற்றத்தைக் கூட்டும் என்பது பொய், பாதிக் கதைகளில் அது பதற்றத்தைக் கொன்றுவிடுகிறது என்றார். வாசகி, அது எந்த உறவு என்பதைப் பொறுத்தது என்று உடனே மறுத்தார். "நிறுத்துங்க, நிறுத்துங்க, மேடையில பேசலாம்" என்றேன். எனக்கு வேண்டியது கிடைத்துவிட்டது.

மேடையில் நானே எல்லோரையும் அறிமுகப்படுத்தினேன், ஆளுக்கு ஒரு வாக்கியம். பட்டங்களைச் சொல்லாமல், இந்தத் தலைப்புக்கும் அவருக்கும் என்ன உறவு என்று மட்டும் சொன்னேன். வாசகியைப் பற்றி: "தாமதமான பதிலை மையமாக வைத்த கதைகளை ஒரு வருஷம் முழுக்கத் தன் வாசிப்பு வட்டத்தோட படிச்சவர்." அவர் நிமிர்ந்து உட்கார்ந்ததைப் பக்கத்திலிருந்து பார்த்தேன். மொத்தம் இரண்டு நிமிடம்.

முதல் கேள்வி அவருக்குத்தான். இரண்டு மைக்கில் ஒன்றை அவர் கையிலேயே கொடுத்தேன். மற்றவர்களிடம் ஒன்று சொல்லிவைத்திருந்தேன்: முந்தினவர் சொன்னதிலிருந்து ஒரு நூலைப் பிடித்துக்கொண்டுதான் பேச்சைத் தொடங்க வேண்டும்.

நான்காவது நிமிடத்திலேயே பேச்சு சூடுபிடித்தது. விரிவுரையாளர், பூமிக்கும் செவ்வாய்க்கும் இடையே ஒளி போக ஒரு வழிக்கே 3 நிமிடத்திலிருந்து 22 நிமிடம் வரை ஆகும் என்றார். அதோடு நிறுத்திக்கொண்டார். முந்தின நாள் நடைபாதையில் கண்டது அவருக்கும் உறைத்திருக்க வேண்டும். வாசகி அந்த எண்ணைப் பிடித்தார்: "அப்படின்னா ரெண்டு பேருக்குச் சண்டைன்னு வைங்க. நான் திட்டி, அது போய், அவர் பதில் சொல்லி, அது திரும்பி வர முக்கால் மணி நேரம். அவ்வளவு நேரம் கோபத்தைப் பிடிச்சு வெச்சிருக்க முடியுமா?" ஒலி நாடகக்காரர், "முடியும், எங்க வீட்ல முடியும்" என்றார். அறை சிரித்தது. பிறகு அவரே, சிரிப்பு அடங்கியதும், தாமதம் கோபத்தைக் குறைக்காது, அது யார்மேல் என்பதை மாற்றிவிடும் என்று மெதுவாகச் சொன்னார். அதை நான் குறித்துவைத்திருக்கிறேன்.

கேள்வி நேரத்துக்கு 18 நிமிடம் ஒதுக்கியிருந்தேன். தொடங்கும்போதே, "கேள்வியா இருந்தாலும் சரி, உங்க அனுபவமா இருந்தாலும் சரி, ஒரு நிமிஷம்" என்றேன். மூன்றாம் வரிசையில் வயதான ஓர் அம்மா கை தூக்கினார். தன் அப்பா சரக்குக் கப்பலில் வேலை பார்த்தவர் என்றும், கடிதம் போய்ப் பதில் வர மாதக்கணக்கில் ஆகும் என்றும் சொன்னார். "நாங்க கேட்டதே எங்களுக்கு மறந்துபோயிருக்கும், பதில் மட்டும் வரும்" என்று சொல்லி உட்காரப் போனார்.

சனிக்கிழமையாக இருந்திருந்தால் நன்றி சொல்லி அடுத்த கைக்குப் போயிருப்பேன். அன்று, "என்ன கேட்டீங்க, ஞாபகம் இருக்காம்மா?" என்றேன். அவர் கொஞ்சம் யோசித்தார். தனக்கு ஒரு பல் விழுந்ததை அப்பாவுக்கு எழுதியதாகச் சொன்னார். அப்பா பதிலில் எந்தப் பல் என்று கேட்டிருந்தாராம். அந்தக் கடிதம் வந்தபோது அந்த இடத்தில் புதுப் பல் முளைத்துவிட்டிருந்தது. கண்ணாடி முன்னால் நின்று எந்தப் பல் என்று தேடிப் பார்த்தும் தனக்கே தெரியவில்லை என்றார்.

அதற்குப் பிறகு மேசையில் யாரும் உடனே பேசவில்லை. பதிவில் ஏழு நொடி எதுவும் இல்லை. மொழிபெயர்ப்பாளர்தான் முதலில் பேசினார்: செவ்வாயைப் பற்றி எழுதுகிறவர்கள் தொடங்க வேண்டிய இடம் இதுதான், எண்களை அப்புறம் சரிபார்த்துக்கொள்ளலாம் என்றார். விரிவுரையாளரும் ஆமாம் என்றார்.

ஒருவர் சொன்னதை இன்னொருவர் எடுத்துப் பேசிய இடங்களை இந்தப் பதிவிலும் எண்ணினேன். 20ஐத் தாண்டியதும் எண்ணுவதை நிறுத்திவிட்டுக் கேட்க ஆரம்பித்துவிட்டேன்.

அப்போதும் சரியாகாதவை

மொழிபெயர்ப்பாளருக்கு அந்த ஓர் இடத்தைத் தவிர அதிகம் பேச வாய்ப்பு வரவில்லை. வாசகியைக் கவனிப்பதில் அவரை விட்டுவிட்டேன். மொழிபெயர்ப்பே ஒரு தாமதம்தான். ஒரு கதை இன்னொரு மொழிக்கு வந்து சேரப் பத்து, இருபது ஆண்டுகள் ஆகிறது. அந்தப் பக்கம் பேச்சைத் திருப்பியிருந்தால் இன்னொரு 15 நிமிடத்துக்குச் சரக்கு இருந்தது. அமர்வு முடிந்தபின் தேநீர் குடிக்கும்போதுதான் இது தோன்றியது. அவரிடம் சொன்னேன். "நானும் அதைச் சொல்லத்தான் காத்திருந்தேன்" என்றார்.

கதைகளைக் குறிப்பிடும் விஷயத்திலும் இடறினோம். நன்றாக வாசித்தவர்கள் சேர்ந்தால் தலைப்புகளாக அடுக்கத் தொடங்கிவிடுவார்கள். ஒரு கட்டத்தில் இரண்டு நிமிடத்துக்குள் ஒன்பது தலைப்புகள் வந்தன. பாதிப் பேர் வேகவேகமாக எழுதிக்கொண்டார்கள், மற்ற பாதிக்குக் கண் மங்கியது. ஒரு கதையில் என்ன நடக்கிறது என்று இரண்டு வரியில் சொன்னால், படிக்காதவரும் உள்ளே வந்துவிடுவார். அடுத்த முறை இதை முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும்.

ஐந்து நிமிடம் மிச்சம் என்று தன்னார்வலர் காட்டிய அட்டையை நான் பார்க்கவில்லை. அடுத்த அமர்வுக்காரர்கள் வாசலில் நின்றார்கள். அவர்களிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன்.

அறையைவிட்டு வெளியே வரும்போது நிகழ்ச்சிக்குழுவிலிருந்து ஒருவர், அடுத்த ஆண்டுக்கான பங்கேற்பாளர் படிவத்தோடு அந்த அம்மாவிடம் பேசிக்கொண்டிருந்தார். அம்மா படிவத்தை வாங்கவில்லை. "நான் எதுவும் எழுதினதில்லையேப்பா, மேடைல என்னத்தைச் சொல்ல" என்றார். பக்கத்தில் நின்ற வாசகி அந்தப் படிவத்தைத் தான் வாங்கிக்கொண்டு, பையிலிருந்து ஒரு பேனாவை எடுத்தார்.

"நானும் எழுதினதில்லைம்மா. பேரைச் சொல்லுங்க."